ஓர் இரவு

இளங்கலை இயற்பியல் மூன்றாம் ஆண்டில், ஆய்வுத் திட்டத்துக்கு விண்மீன் மண்டலங்களின் மையத்தை எடுத்துக்கொண்டேன். சில மண்டலங்களில் அந்த நடுப்புள்ளி மட்டும், சுற்றியுள்ள விண்மீன்கள் அனைத்தின் ஒளியையும் விஞ்சி எரியும். அங்கே ஒரு பெரும் கருந்துளை வாயுவை இழுத்துக்கொண்டிருக்கிறது.

வகுப்பிலிருந்து ஓர் இரவு காவலூருக்குப் போனார்கள். ஜவ்வாது மலையில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் இடம். "ராத்திரி முழுக்க மலை மேல பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலை?" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது. உடன் படித்த பையன்கள் போய்வந்தார்கள்.

எனக்குக் கிடைத்தது ஸ்லோன் வான் அளவீட்டின் தரவு. நியூ மெக்சிகோவில் 2.5 மீட்டர் தொலைநோக்கி பதிவுசெய்த நிறமாலைகளை, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லாஸ்பேட்டையில், பாத்திரம் கழுவி முடித்த பிறகு மடிக்கணினியைத் திறப்பேன். ஒல்லியாக இருக்க வேண்டிய ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, குன்றுபோல அகன்று கிடந்தது. மையத்தைச் சுற்றும் வாயுவில் ஒரு பகுதி நம்மை நோக்கி வருகிறது, மறு பகுதி விலகி ஓடுகிறது. அதனால்தான் அந்த அகலம். அதை அளந்தால் வேகம் கிடைக்கும்: நொடிக்குச் சுமார் 3000 கிலோமீட்டர். வேகத்தையும் ஒளியின் அளவையும் சேர்த்தால் கருந்துளையின் எடை தெரியும். பல கோடி சூரியன்கள்.

அம்மா திரையைப் பார்த்தாள். "கண்ணுக்கே தெரியாதத எப்படிடி எடை போட்ட?"

"சுத்தி ஓடுறது எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாத்தும்மா."

"அப்ப நான் ஓடுற ஓட்டத்த வச்சு, இந்த வீட்ல யாரு கனம்னு சொல்லிடுவ."

இருவரும் சிரித்தோம். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

இதே ஊருக்குத்தான் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து லெ ஜான்தி வந்தார். 1769 ஜூனில், அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. பதினொரு ஆண்டுகள் வீட்டைவிட்டு அலைந்தவரை, வானியல் வரலாறு இன்றும் பரிவோடு நினைக்கிறது. அமெரிக்காவின் பாலமார் வானாய்வகத்திலோ, 1965இல்தான் வேரா ரூபின் என்ற பெண்ணுக்கு முதன்முதலாக முறைப்படி இடம் கொடுத்தார்கள். மேகம் விலகும். அனுமதி அப்படித் தானாக வருவதில்லை.

என் திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. "பாத்தியா, வீட்ல இருந்தே முடிச்சிட்ட" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் உறுத்துகிறது. நான் இறக்கிய ஒவ்வொரு நிறமாலைக்கும், யாரோ ஒருவர் ஒரு மலையில் இரவு விழித்திருந்திருக்கிறார். தரவு இலவசமாகக் கிடைத்ததற்கு நன்றி உண்டு. ஆனால் அது எனக்கு மறுக்கப்பட்ட இரவுக்கு ஈடு ஆகாது.

போன வாரம் முதுகலைக்கான விண்ணப்பத்தை நிரப்பினேன். 'தொலைநோக்கியில் பணியாற்றிய அனுபவம்' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் இரவு இருப்பது, அதைப் படிக்கும் எவருக்கும் தெரியப்போவதில்லை.