எழுதுகோலும் இழைப்புளியும்

காரணப்பெயருக்கு எடுத்துக்காட்டுக் கூறும்போது நாற்காலியைத் தொடாமல் பாடத்தை முடித்த தமிழாசிரியர் அரியர். நான்கு கால்களை உடைமையால் நாற்காலி. மூன்று கால்களை உடைமையால் முக்காலி. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நானும் இதனைச் சொல்லி வருகிறேன். ஆயினும், முக்காலி எத்தகைய மேடுபள்ளத் தரையிலும் ஆடாது நிற்கும் என்பதும், நாற்காலியோ ஒரு கால் ஒரு நூல் குறைந்தாலும் ஆட்டங்காணும் என்பதும் இலக்கணம் வழியாக எனக்கு வந்த அறிவல்ல; இழைப்புளி வழியாக வந்தவை. நூல் என்றேன். தமிழாசிரியனுக்கு நூல் என்றால் நன்னூல், நெசவாளர்க்கு இழை, தச்சர்க்கோ அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

துறைமலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள், சீறாப்புராணத்தைப் பற்றியோ சங்கப் பாடல்களைப் பற்றியோ எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். வீட்டில் நானே மரச்சாமான் செய்துகொள்ளும் செய்தியை எழுதுகிறேன். இதிலும் சிறிது இலக்கியம் வரும், அஞ்ச வேண்டா.

திருவல்லிக்கேணியில் வாடகைக்குக் குடியிருப்போர் நன்கறிந்த ஒன்றுண்டு. இங்கே ஆள் ஏறும் படிக்கட்டில் மேசை ஏறாது. எங்கள் வீடு சந்தொன்றில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. படிக்கட்டின் அகலம் இரண்டேகால் அடி. நடுவில் ஒரு திருப்பம் வேறு. கடையில் விற்கும் எழுதுமேசையை அந்தத் திருப்பத்தில் கொண்டு செலுத்துவது ஊசியின் காதில் ஒட்டகத்தை நுழைப்பதற்கு நிகர். ஆகவே எங்கள் தெருவில் பல வீடுகளில் பாயும் தகரப் பெட்டியும் மடக்கு நாற்காலியுமே தட்டுமுட்டுச் சாமான்கள். விடுதி அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களின் நிலையும் இதுவே.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தது. கல்லூரி வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தன. பள்ளி வகுப்புகளும் அவ்வாறே. அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. தரையில் அமர்ந்து, முதுகை வில்லாக வளைத்து, தலையணைமேல் சாய்த்து வைத்த கைப்பேசியை நாள்தோறும் நான்கு மணிநேரம் பார்ப்பாள். மாலையானால் கழுத்து வலிக்கிறது என்பாள். செப்டம்பரில் தளர்வுகள் வந்து கடைகள் திறந்தன, பள்ளிகள் திறக்கவில்லை. அவளுக்கு ஒரு மேசை வேண்டும். படியேறாத மேசையை அறைக்குள்ளேயே செய்தாலன்றி வேறு வழியில்லை.

செய்யத் தெரிந்தவர் ஒருவர் அருகிலேயே இருந்தார். மீர்சாகிப்பேட்டைப் பக்கம் வாழும் முதிய ஆசாரி அவர்; எழுபதைக் கடந்தவர். நோய்ப்பரவலுக்கு அஞ்சி அவருடைய வீட்டார் அவரை வேலைக்கு அனுப்பவில்லை. "நான் வர முடியாது சார். நீங்க வாங்க, சொல்லித் தர்றேன். செய்யறது உங்க பாடு" என்றார். அவருடைய வீட்டு வாயிலில், அவர் திண்ணையிலும் நான் தெருவிலுமாக, முகக்கவசத்துடன் பாடம் நடந்தது. பழைய குருகுலம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ!

முதற்பாடம் மரம். எங்கள் பகுதியின் பழைய வீடுகள் பல மெட்ராஸ் டெரஸ் என்னும் முறையில் கட்டப்பட்டவை. தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் பாவி, அவற்றின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டுத் தளம் அமைப்பர். அவ்வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழும்போது உத்தரங்கள் பழைய மரக்கடைக்கு வந்து சேர்கின்றன. சில, பர்மாவின் மௌல்மீன், இரங்கூன் துறைகளிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. சில மலபார்த் தேக்கு. நிலம்பூரில் 1840களில் கலெக்டர் கனோலியின் முயற்சியில் தேக்கு நட்டு வளர்க்கத் தொடங்கினர். நட்டு வளர்த்த தேக்குக் காடுகளில் உலகிலேயே தொன்மையானது அது என்பர். (எங்கள் வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795இல் மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லாலேயே எழுப்பப்பட்டது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் அங்கிருந்து எனக்கு உத்தரம் கிடைக்க வாய்ப்பில்லை!)

பழைய மரம் வாங்கியதற்கு விலை மட்டும் காரணமன்று. பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். நூறாண்டு கூரையில் கிடந்த உத்தரம் செய்ய வேண்டிய குறும்புகளையெல்லாம் என்றோ செய்து முடித்துவிட்டது. ஆயினும் மரம் முற்றிலும் அடங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை வீடுகளில் கதவு இறுகிக்கொள்வதை அனைவரும் அறிவோம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. அகலவாக்கில் ஈரத்தை உண்டு பருக்கும். ஆகையால் மேசைப் பலகையை நான்கு புறமும் அசையாமல் ஆணியடித்து இறுக்கினால் அது ஒருநாள் பிளந்துகொள்ளும். சிறிது அசைய இடம் விட வேண்டும். பிள்ளை வளர்ப்புக்கும் இது பொருந்தும் என்று ஆசாரி சொன்னார். அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

ஒரு கன அடி மரம் போதுமாயிற்று. உத்தரத்தை அறுவை ஆலையில் பலகையாகவும் சட்டமாகவும் அறுத்துக்கொண்டேன். அதற்குமுன் காந்தத்தை மரத்தின்மேல் ஓட்டிப் பார்க்கும்படி ஆசாரி கூறியிருந்தார். உள்ளே புதைந்த பழைய ஆணி ஒன்று போதும், வாளின் பற்களை உதிர்க்க. எங்கள் உத்தரத்தில் மூன்று ஆணிகள் அகப்பட்டன.

கருவிகள் அதிகம் இல்லை. ஒரு கைவாள், ஓர் இழைப்புளி, அரை அங்குல உளியொன்று, முக்கால் அங்குல உளியொன்று, கொட்டாப்புளி, மூலைமட்டம், எண்ணெய்க்கல். இவற்றுள் நான் மிகுதியாகப் பழகியது எண்ணெய்க்கல்லோடுதான். முதல் ஒரு வாரம் மரத்தையே தொடவிடாமல், உளியைத் தீட்டிக்கொண்டு வந்து காட்டச் சொன்னார் ஆசாரி. முன்கை மயிரை மழிக்கும் கூர்மை வந்த அன்றுதான் இழைப்புளியைப் பிடிக்க இசைந்தார். இழைக்கும் உளி ஆதலின் இழைப்புளி. அதை மரத்தின் நார் ஓடும் போக்கில் தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் எழும். எதிர்ப்போக்கில் தள்ளினால் நார் பிய்ந்து எழும். மரத்தை மூக்கருகில் பிடித்து அதன் ஓட்டத்தைப் படிக்க வேண்டும். படிக்க என்னும் சொல்லை ஆசாரிதான் ஆண்டார். "மரத்தைப் படிங்க சார், நீங்கதான் படிச்சவராச்சே" என்றார். அதில் சிறிது எள்ளல் இருந்தது. மிகுதியும் நியாயம் இருந்தது.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே என் வேலை நேரம். அண்டை வீட்டார் உறக்கம் கெடாத நேரமும் அதுவே. முப்பத்தொரு மாலைகள் ஆயின. கடை மேசையின் உயரம் முப்பது அங்குலம், அது வளர்ந்தவர்க்கு. மகள் அமர்ந்து கையை மடக்கியபோது முழங்கை எங்கே நின்றதோ அதுவே என் அளவு; இருபத்துமூன்று அங்குலம் வந்தது. உலகில் எந்தக் கடையிலும் அவளுக்கென்று அந்த உயரத்தில் ஒரு மேசை காத்திருந்திருக்காது.

வாடகை வீடு என்பதை மறக்கலாகாது. நாளை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால், அறைக்குள் பிறந்த மேசை அறைக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். எனவே ஆணியும் பசையும் இன்றி, சட்டத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கிக் காலிலுள்ள துளையினூடே மறுபுறம் செலுத்தி, நீண்டு நிற்கும் நாக்கில் ஓர் ஆப்பைச் செருகும் முறையை ஆசாரி கற்பித்தார். ஆப்பைத் தட்டினால் இறுகும். எதிர்ப்புறம் தட்டினால் மேசை பலகை பலகையாகக் கழன்று படியிறங்கிவிடும். ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சொல்லி, மகளை அதன் அருகே அண்டாமல் வைத்திருக்கிறோம்.

என் அம்மாவுக்குத்தான் இது உவப்பாக இல்லை. அத்தா எழுத்தராக இருந்து என்னை எம்.ஃபில். வரை படிக்க வைத்தவர். "எழுதுகோல் பிடிக்கணும்னு அத்தா பட்ட பாடு இதுக்கா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் அம்மா. வாதத்துக்கு நான் நபிமார்களை அழைத்தேன். சக்கரியா நபி தச்சராக இருந்தார் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி. நூஹ் நபி கப்பல் கட்டியதையோ குழந்தைகளும் அறிவர். அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவங்க நபிமார், உனக்குக் கையில ரத்தம் வருது பாரு" என்று மஞ்சளைக் கொண்டுவந்தார்.

அம்மாவின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 'பார்க்கிறவர் என்ன சொல்வர்' என்பதில் நம் நாட்டின் நெடிய வரலாறு பொதிந்து கிடக்கிறது. புறநானூற்றில் அதியமானின் வாயிற்காவலனிடம் சினந்து பேசும் ஔவையார், கலைவல்ல தம்மைப் போன்றோரைத் தச்சனின் கைதேர்ந்த பிள்ளைகளுக்கு ஒப்பிடுகிறார். கோடரியோடு காட்டுக்குப் போகும் அவர்களுக்கு எப்பக்கம் சென்றாலும் மரம் உண்டு. தமக்கும் எத்திசை சென்றாலும் சோறு உண்டு என்கிறார். புலமையின் பெருமிதத்துக்குத் தச்சு வேலையை உவமையாக்க அவருக்குத் தயக்கமே இல்லை. அந்த உவமையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நாம், தச்சரின் பிள்ளை தச்சர், எழுத்தரின் பிள்ளை எழுத்தர் என்று எங்கோ ஓரிடத்தில் கதவைச் சாத்திக்கொண்டோம்.

கதவைத் திறந்து பார்த்தவர்கள் உண்டு. 1910இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். நிலத்தை வழங்கியவர் காலன்பாக் என்னும் யூதக் கட்டடக் கலைஞர். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. தமிழர், குஜராத்தியர், தெலுங்கர், வடநாட்டார் எனப் பலரும், இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவர் எனப் பல சமயத்தாரும் இருந்தனர். பெஞ்சு முதல் பெட்டி வரை வேண்டியவற்றையெல்லாம் தாங்களே செய்துகொண்டதாகவும், தச்சுப் பிரிவுக்குக் காலன்பாக்கே தலைவராக இருந்ததாகவும் காந்தியடிகள் எழுதியிருக்கிறார். 1937இல் டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு வார்தா கல்வித் திட்டத்தை வகுத்தபோது, பிள்ளைகள் கற்கத்தக்க கைத்தொழில்களுள் தச்சையும் சேர்த்தது. எந்தக் குலத்துப் பிள்ளை என்று அத்திட்டம் கேட்கவில்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் வந்த திட்டமோ, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தத்தம் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று இடித்துரைத்தனர். 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. கைவிட்டது முற்றிலும் சரி. ஆனால் குலத்தைத் துரத்தும் வேகத்தில் உளியையும் சேர்த்துத் துரத்திவிட்டோமோ என்னும் ஐயம் எனக்குண்டு. எழுத்தர் பிள்ளை உளியையும் ஆசாரி பிள்ளை எழுதுகோலையும் தாமே விரும்பி எடுக்கும் பள்ளி நமக்கு வாய்த்திருந்தால், என் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்.

இதனை ஆசாரியிடம் கூறினேன். அவர் உடனே உடன்படவில்லை. "நீங்க ஒரு மேசைக்கு ஒரு மாசம் எடுத்துக்கலாம் சார். நான் ஒரு மாசம் எடுத்தா என் வீட்டுல உலை கொதிக்காது. உங்களுக்கு இது ஆசை, எனக்கு அரிசி" என்றார். பொழுதுபோக்குக்காகச் செய்வோர் பெருகினால் தொழில்செய்வோர் கூலி குறையாதா என்று கேட்டேன். குறையாது என்றார். தம் வேலையைக் கெடுத்தவர்கள் ஆசைக்குச் செய்வோர் அல்லர். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் மரத்தின் படத்தை ஒட்டி மரம் என்று விற்பவர்களே என்பது அவர் வழக்கு. அப்பலகையின் இயல்பை நானும் கண்டிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் சைதாப்பேட்டையில் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். புதிய அலமாரி நனைந்த ரொட்டியாக ஊதிக் கிடந்தது. பாட்டியின் தேக்குப் பெஞ்சைக் கழுவி நிழலில் உலர்த்தி மீண்டும் போட்டுக்கொண்டார்கள். "ஒருதரம் இழைச்சுப் பார்த்தவங்க கூலியைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டாங்க சார்" என்றும் ஆசாரி சொன்னார். அதன்பின் அவருடைய மகனை ஒரு கதவு வேலைக்கு அழைத்தோம். அவர் கேட்ட தொகையை நான் மறுவார்த்தை பேசாது கொடுத்தேன். முப்பத்தொரு மாலைகளின் கணக்கு என் தோள்பட்டையில் இருந்தது.

மேசைக்குப் பின் இரண்டு முக்காலிகள், ஒரு புத்தகத் தட்டு, அம்மாவுக்கு முழங்கால் வலியால் தரையில் அமர இயலாமையின் பதினேழு அங்குல உயரத்தில் ஒரு சாய்வில்லா இருக்கை ஆகியவை ஆயின. பாரதி சாலை நடைபாதையில் வாங்கிய பழைய நூல்கள் அந்தத் தட்டில் இருக்கின்றன. உப்புத்தாள் தேய்த்து மெழுகு பூசுவதோடு சரி. பளபளப்பில் எனக்கு விருப்பமில்லை. சேரும் மரத்தூளை அள்ளும்போதெல்லாம் கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸ் நினைவுக்கு வரும். 1842இல் கட்டப்பெற்ற அக்கட்டடத்தில் சேமித்த பனிக்கட்டி, அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்தே கப்பலில் வந்தது. எங்கள் வீட்டு மரத்தூளைக் கீழ்வீட்டுப் பெண்மணி கோலப்பொடிக்குச் சாயமேற்ற வாங்கிக்கொள்கிறார்.

அம்மா அந்த இருக்கையில் அமர்ந்தே தொழுகிறார். அதைப் பற்றி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. சென்ற மாதம் மட்டும், குர்ஆன் ஓத வைத்துக்கொள்ளும் ரைஹால் உடைந்துவிட்டது, ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். ஒரே பலகையைப் பிளந்து, நடுவில் விரல்களைக் கோத்தாற்போன்ற கீலையும் அதிலேயே செதுக்கி, ஆணியோ பசையோ இன்றி விரித்து மடக்கும்படி செய்ய வேண்டிய பொருள் அது. ஆசாரி பலகையைப் பார்த்து, மழை முடியட்டும் என்றார். தைக்குப் பின் அறுக்கலாம் என்றிருக்கிறோம். பலகை அம்மாவின் கட்டிலுக்கடியில் இருக்கிறது.