வெயில் வராத கொல்லை

குன்னூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ‘வீடு குளுகுளுன்னு இருக்கும் ஸார்’ என்று புரோக்கர் சொன்னால், சூரியன் அந்தப் பக்கமே வராது என்று அர்த்தம். எனக்கு அமைந்தது அப்படி ஒன்று. மேட்டை வெட்டி எழுப்பிய கருங்கல் சுவர். அதற்கும் சமையலறைக்கும் நடுவே ஆறடி அகலச் சந்து. ஓனர் அதைத் ‘தோட்டம்’ என்றார். எனக்கு முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஏழு தொட்டிகளில் ஏழு ரோஜாக்கள் உயிரை விட்டிருந்தன.

ஆனால் யாரும் வைக்காமலே சுவரில் பச்சைப் பசேலென்று ஒரு கூட்டம். தண்ணீர் கசிய விட்டிருந்த ஓட்டைகளிலிருந்து, யானைக்குட்டி தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்ட மாதிரி துளிர்கள். பெரணி! ஆபீசில் சொன்னேன். “பரணி தரணி ஆள்வான்னுதான் கேள்விப்பட்டிருக்கேன், அதென்னப்பா பெரணி?” என்றார் ஹெட் கிளார்க்.

பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் மட்டும். ‘பூச்சி விழுந்திருக்கு, மருந்தடிங்க’ என்பார்கள். அடித்துவிடாதீர்கள், வம்சமே அதில்தான் இருக்கிறது! அதற்குள் இருப்பவை தூள் போன்ற வித்துகள். விதை கண்ணில் படாததால், அந்தக் கால ஐரோப்பியர்கள் ‘பெரணி விதை மாயமானது, அதை வைத்திருப்பவனும் மறைந்துபோவான்’ என்று நம்பினார்களாம். (மேனேஜர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்துக்கு ஒரு பொட்டலம் இருந்தால் தேவலை.)

1850களில் இங்கிலாந்தில் பெரணிப் பைத்தியமே பிடித்து ஆட்டியது. கூடையும் கையுமாகக் காடு காடாகப் போய்ப் பிடுங்கி வந்தார்கள். சில அபூர்வ வகைகள் அங்கே ஏறக்குறைய காலி. இங்கே சென்னை மாகாண வனத்துறைத் தலைவராக இருந்த பெடோம், நம் மலைப் பெரணிகளை ஒவ்வொன்றாகப் படம் போட்டு 1863 முதல் புத்தகமாக வெளியிட்டார். அவர் பார்த்த சோலைக்காடுகளில் ஒரு பகுதி இன்று தேயிலை, யூகலிப்டஸ், வாட்டில்.

சின்ன வயதில் புறங்கையில் ஒரு இலையை வைத்துத் தட்டி, வெள்ளைப் பொடியில் அச்சு எடுத்து விளையாடியிருப்பீர்களே, வெள்ளிப் பெரணி? நம் ரோட்டோரங்களில் மண்டிக் கிடப்பதில் ஒன்று அமெரிக்கக் கண்டத்துக்காரர். அதே வெள்ளைப் பொடியோடு பாறை இடுக்கில் ஒதுங்கி வாழும் உள்ளூர்க்காரரும் உண்டு. என் சந்தில் உள்ளூர்க்காரருக்குத்தான் முதல் மரியாதை.

நான் பெரணிப் பைத்தியம் என்று தெரிந்து ஒருவர் தேடி வந்தார். “மரப்பெரணி ஒண்ணு, ஆளுயரம், காட்லேர்ந்து கொண்டாந்து நட்டுத் தரேன் சார். மூவாயிரம் குடுங்க.” சபலம் தட்டியது, பொய் சொல்வானேன்! டைனோசர் காலத்திலேயே இருந்த பரம்பரை. சோலை ஓடையோரம் பச்சைக் குடை விரித்து நிற்கும் அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் காப்புக்காட்டில் தோண்டினால் குற்றம். உலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2-வது பட்டியலிலும் இந்த இனம் இருக்கிறது. தவிர, ஆளுயரம் வளர அது எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டதோ! டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எஸ்டேட் வேலையில் இருக்கும் நண்பன், அவர்கள் ஓடைக்கரை மரப்பெரணியின் ஒரே ஒரு சிற்றிலையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். இரண்டு ராத்திரி வெள்ளைத் தாளில் வைத்தேன். மூக்குப்பொடி மாதிரி கொட்டியிருந்தது. இலைமக்கும் மணலும் கலந்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி (பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்ளாமல் இருக்க), ஆறியதும் ஸ்வீட் டப்பாவில் நிரப்பி, பொடியைத் தூவி மூடினேன்.

வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. அப்புறம் பச்சையாய் ஒரு படலம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அத்தனையும் குட்டிக் குட்டி இதயங்கள்! அதில் ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேர வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் கல்யாணம் கிடையாது. மழை இல்லாமல் டூயட் ஏது? தினமும் ஸ்பிரேயரில் நான்தான் மழை. “எனக்குக் காபி போடக்கூட ஆள் இல்ல, அதுக்கு அபிஷேகமா?” என்றாள் மனைவி. ஆனால் நான் ஆடிட்டுக்கு வெளியூர் போன நான்கு நாளும் டப்பா காயவில்லை. யார் தெளித்தது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது பதினொரு கன்றுகள். பெரியது சுண்டுவிரல் உயரம். ஆளுயரம் ஆவதற்குள் எனக்கு ரிடையர்மென்ட் வந்துவிடலாம். வாடகை ஒப்பந்தமோ பதினொரு மாதம்!

அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஓனர் இரண்டு விஷயம் சொன்னார்: வாடகை ஏறும், சுவரைச் சிமெண்டால் பூசி ‘நீட்டா’ ஆக்கப்போகிறார். பெரணி மலையைத் தாங்கும் என்று நான் புளுகவில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவில் இந்த மாவட்டம் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்ததை மட்டும் நினைவுபடுத்தி, “அந்த ஓட்டைங்களை அடைச்சா மழைத்தண்ணி எங்க ஸார் போகும்?” என்றேன். கூட வந்த கொத்தனாரும் தலையாட்டினார். “சுவரை விடுங்க, வாடகையை ஏத்திக்கோங்க” என்றேன். ஓனர் யோசிக்கிறேன் என்று போயிருக்கிறார். அவர் யோசித்து முடிப்பதற்குள் டப்பாவை ஒரு பெரிய டிரேக்கு மாற்றியாக வேண்டும்.