கூத்தும் சிறுவரும்

ஓசூர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர். தொழிற்பேட்டை வளர்ந்தபின் வடநாட்டு மொழிகளும் வந்து சேர்ந்தன. இத்தகைய ஊரில் சிறுவர்க்கென நாடகம் ஆடுவோர் எம்மொழியிற் பேசுவது?

இவ்வினாவிற்கு விடை கிருஷ்ணகிரி வட்டாரச் சிற்றூர்களில் முன்பே உள்ளது. அங்குத் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். நிறைவு நாளில், மண்ணாற் பேருருவாகச் சமைத்த துரியோதனனின் படுகளம். கூத்தின் முன்வரிசை முழுதும் சிறுவர் கூட்டமே. நள்ளிரவு கடந்தால் அவருட் பலர் உறங்கிவிடுவர். கட்டியங்காரன் குரல் கேட்டதும் எழுந்து அமர்வர். அவன் தமிழ் முழுதும் விளங்காத தெலுங்குச் சிறுவனும் வயிறு குலுங்கச் சிரிக்கக் கண்டிருக்கிறேன். அரசனின் மிடுக்கு நடையை அவன் பின்னின்று நடித்துக் காட்டுவதற்கு அகராதி எதற்கு?

புதுவையில் வேலு சரவணன் நிறுவிய 'ஆழி' சிறுவர் நாடகக் குழுவும் இவ்வழியிலேயே சென்றது. கோமாளி வேடம், பாட்டு, ஆட்டம் இவையே அதன் கருவிகள். அக்குழுவின் 'கடல் பூதம்' பள்ளிகள் பலவற்றில் ஆடப்பெற்றது.

பெங்களூரில் 2004-இல் திறக்கப்பெற்ற ரங்க சங்கரா அரங்கில் சிறுவர் நாடகங்களும் நடைபெறுகின்றன. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும், இரவு முறை வேலை முடித்துக் காலையில் உறங்கும் தந்தை பிள்ளையை அங்கு அழைத்துச் செல்வது எங்ஙனம்? ஆகவே நாடகமே பள்ளி முற்றத்திற்கு வரவேண்டும். ஒரு மத்தளம், ஒரு கட்டியங்காரன், வேப்பமர நிழல், ஒரு மணி நேரம். அவன் மும்மொழியிலும் வணக்கம் சொல்லித் தொடங்கட்டும்.