நெடுந்தீவில் ஒரு பகற்பொழுது

குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்தின்பின், மாணவர் இருபதின்மருடன் நெடுந்தீவிற் கரையேறினேன். பவளக்கல் அடுக்கிய வேலிகளையும், இடிந்த கோட்டையையும், மட்டக்குதிரைகளையும், பருத்த பெருக்கு மரத்தையும் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும், என் உள்ளத்தில் நிலைத்தது எமக்கு நண்பகலுணவு அளித்த வீடேயாம்.

அவ்வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. விருந்தினர் தொகை, பெற்ற முற்பணம், முதல்நாட் படகில் வரவேண்டிய காய்கறி, உதவிக்கு வரும் அயலவர் ஆகிய யாவும் அதிற் குறிக்கப்பட்டிருந்தன.

“கடல் குழம்பினால் என்ன செய்வீர்கள், அம்மா?” என்றான் ஒரு மாணவன்.

“துறைக்குப் பேசி, வள்ளம் வெளிக்கிட்டது எண்டு அறிஞ்ச பிறகுதான் தம்பி உலை வைப்பன். ஒருக்கால் முப்பது பேருக்குச் சமைச்சு, ஒருத்தரும் வரேல்லை. அந்தக் கடன் தீர மூண்டு மாதம் சென்றது.”

கற்றோர் இதனைத் திட்ட முகாமைத்துவம் என்பர். அவ்வம்மையார் இழப்பினாற் கற்ற பாடத்தை, கிராமியச் சுற்றுலாத் தொழிலில் இறங்கும் நம் இளைஞர் இழப்பின்றியே கற்கலாமன்றோ?

மாலைப் படகுக்கு அரைமணி முன்னரே அவர் எம்மை எழுப்பி அனுப்பினார். வள்ளம் எவர்க்கும் காத்திராது என்பதும் அவர் கணக்கில் இருந்தது.