டவுன்ஹால் ரோட்டு மாடிக்கடை

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கிழக்கே பார்த்து நடந்தால் டவுன்ஹால் ரோடு. அப்படியே போனால் மீனாட்சி அம்மன் கோயிலின் மேலக் கோபுரம் வந்துவிடும். 1980களின் பிற்பாதியில் அந்த ரோட்டில் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு கடை வாசலில் பல்லவி காதில் விழுந்தால், அடுத்த வாசலில் வேறொரு படத்தின் சரணம் ஓடிக்கொண்டிருக்கும். கேசட் ரெக்கார்டிங் சென்டர்களின் காலம் அது.

எங்களுக்கு வாய்த்த கடை ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. செங்குத்தான படி. மேலே மூன்று பேர் நிற்கலாம். நாலாவது ஆள் படியிலேயே காத்திருக்க வேண்டும். சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள். எந்நேரமும் ஸ்பிரிட் வாசனை. ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடைப்பார் கடைக்கார அண்ணன். ரெக்கார்டை வெல்வெட் துணியால் சுற்றுவாக்கில் ஒற்றியெடுத்து முள்ளை இறக்குவார். பிறகு லெவல் காட்டும் இரண்டு ஊசிகளையும் பார்த்தபடி அசையாமல் நிற்பார். ஊசி சிவப்புக்குள் போய் நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அவரும் கூப்பிட மாட்டார்.

நாம் வேண்டிய பாட்டுகளை எழுதிக்கொடுக்க வேண்டும். அறுபது நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் மூன்று நிமிடம் மிஞ்சும். பல கடைகளில் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் ஏழாவது பாட்டைப் போட்டுப் பாதியில் அறுப்பார்கள். இந்த அண்ணன் நம் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு, மிஞ்சிய மூன்று நிமிடத்தில் தனக்குப் பிடித்த ஒன்றைப் பதிந்து தருவார். அட்டையில் நம் பாட்டுகள் நீல மையில் இருக்கும். அவர் சேர்த்தது கடைசி வரியில், சிவப்பு மையில்.

அந்தச் சிவப்பு வரிக்காகவே நான் அந்தக் கடைக்குப் போனேன்.

அவரிடம் பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அந்தத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். கேசட்டின் மிச்சத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். இப்படித்தான் இளையராஜா பாட்டு ஆறுக்குப் பின்னால் என்.சி.வசந்தகோகிலம் வந்து சேர்ந்தார். கரகரவென்ற ஓசைக்கு நடுவே, மேலே போகப் போக மெலியாமல் இனித்துக்கொண்டே போகும் குரல். அடுத்த வாரம் படியேறியதும் கேட்டேன்: "அண்ணே, இது யாருண்ணே?" உடனே பதில் வரவில்லை. "மொதல்ல ஹரிதாஸ் பாருங்க தம்பி. அதுல பாகவதருக்குப் பொண்டாட்டியா வர்றாங்கல்ல, அவங்கதான்" என்றார். 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். எல்லோரும் அதை எம்.கே.தியாகராஜ பாகவதருக்காகப் பார்த்தார்கள். நான் வசந்தகோகிலத்துக்காகப் பார்த்தேன். 1951இல், இளம் வயதிலேயே போய்விட்ட ஒருவரின் முகத்தைக் குரலோடு சேர்த்துப் பார்க்கக் கிடைத்தது எனக்குப் பெரிய பாக்கியம்.

அவர் சொல்லும் முறையே அப்படி. பாட்டைக் கேட்டால் படத்தைச் சொல்வார், படத்தைக் கேட்டால் இசைத்தட்டைச் சொல்வார். ஒருமுறை என் பட்டியல் ஏ பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. "பி பக்கத்த எங்கிட்ட விட்டுருங்க தம்பி" என்று வாங்கி வைத்துக்கொண்டார். எஸ்.பாலச்சந்தரின் வீணை வந்தது, அரை மணி நேரமும். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து இழுத்து ஸ்வரங்களைப் பாட வைக்கிற வாசிப்பு. இரண்டு நாள் அதையே கேட்டுவிட்டுப் போனால், "இவரு எடுத்த 'அந்த நாள்' பாத்திருக்கீங்களா?" என்கிறார். வீணை வித்வான் சினிமா எடுத்தாரா என்று எனக்கு ஆச்சரியம்.

நண்பன் வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தபோது, ரஜினி படம் இரண்டுக்கு நடுவில் சண்டை போட்டு 'அந்த நாள்' படத்தைச் சேர்த்தேன். 1954இல் ஏவி.எம். எடுத்த படம். பாட்டே கிடையாது. பராசக்தி வந்து இரண்டே வருடத்தில், கதாநாயகன் சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிறார். அப்புறம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லச் சொல்ல, செத்தவர் யார் என்பது மாறிக்கொண்டே போகிறது. ஜாவர் சீதாராமன் துப்பறிய வருகிறார். பண்டரிபாயின் முகம் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருக்கிறது. ராகத்தை ஒரு ஸ்வரத்தில் நின்று விரிக்கத் தெரிந்தவர்தான் ஒரு துப்பாக்கிச் சத்தத்தை இவ்வளவு நேரம் விரிக்க முடியும் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வெளியானபோது வசூலில் தோற்ற படம் என்பது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கடையிலிருந்து எல்லாம் நடக்கிற தூரம். பராசக்தியோடு 1952இல் திறந்த தங்கம் தியேட்டர், அத்தனை பெரிய தியேட்டர், இன்று இல்லை. அப்போது பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு சென்ட்ரல். இங்கிலீஷ் படங்களுக்கு விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் ரீகல். எந்தத் தியேட்டரில் எந்தப் பழைய படம் மாறியிருக்கிறது என்பது அண்ணனுக்கு எப்போதும் தெரியும்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் முக்கியமானது இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. 1986இல் வந்த ஆல்பம். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் ராஜா செலுத்திய காணிக்கை. நான் பாட்டுகளையே கேட்டு வளர்ந்தவன்; வார்த்தையே இல்லாத ராஜா எனக்குப் பிடிபடவில்லை. "பாட்டு எங்கன்னு தேடாதீங்க. வயலினை மட்டும் புடிச்சுக்கிட்டே போங்க" என்றார் அண்ணன். வி.எஸ்.நரசிம்மனின் வயலினைப் பிடித்துக்கொண்டு போனேன். பாக்கின் இசையும் நம் ராகமும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது மெல்லக் கேட்கத் தொடங்கியது. கேசட்டின் மேல் விளிம்பில் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்குமே, அவற்றை ஒடித்துவிட்டால் மேலே வேறெதையும் பதிய முடியாது. இந்த கேசட்டுக்கு மட்டும் என்னைக் கேட்காமலே ஸ்க்ரூ டிரைவரால் இரண்டையும் ஒடித்துத்தான் கொடுத்தார்.

1988இல் பாலுமகேந்திராவின் 'வீடு' வந்தது. அந்தப் படத்துக்கும் பாட்டு கிடையாது. இந்த ஆல்பத்தின் இசைதான் பின்னணியில். சொக்கலிங்க பாகவதர், அந்தத் தாத்தா, பாதி எழும்பி நிற்கும் வீட்டைத் தனியாகப் பார்க்க வருகிறார். சுவரைத் தொடுகிறார். அறை அறையாக நடக்கிறார். பூச்சுகூட முடியாத செங்கல்லைத் தடவுகிற அந்தக் கை பேத்தி அர்ச்சனா பட்ட பாடு முழுவதையும் சொல்லிவிடுகிறது. திரும்பும் வழியில் அவர் சாய்ந்துவிடுகிறார்.

கடை எப்போதோ மூடப்பட்டது. சிடி வந்தது, அதுவும் போனது. இப்போது எல்லாம் கைபேசியில் இருக்கிறது; ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததை அதுவே போடுகிறது. கேட்டது மாதிரியே இன்னொன்று வரும். ராஜாவுக்குப் பின்னால் வசந்தகோகிலம் எனக்கு வரவேயில்லை. அதனால் என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நானே சொல்கிறேன்: ஆல்பத்தை முதலில், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள், ஒரு வாரம் கழித்து 'வீடு' பாருங்கள். வரிசையை மாற்றினால் அந்த வயலின் கடைசி வரைக்கும் தாத்தாவுக்கே சொந்தமாகிவிடும். பாக்கும் தியாகராஜரும் பேசிக்கொள்வது காதில் விழாது.