வெல்டிங் பட்டறை மேல் போட்ட பழி

காரைக்கால் பக்கத்துக் கருக்களாச்சேரியில் இரண்டு வீடுகள் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் நான்.

காரைக்காலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன் நான். 2018 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். அந்தச் சமயத்தில் கருக்களாச்சேரியில் நடந்த ஒரு கல்யாணத்தை, எனக்குத் தம்பி முறையாகும் பையன் வீடியோ எடுத்தான். எடிட்டிங்கில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று என்னைக் கூப்பிட்டான்.

பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர். இன்டெல் ஜி31 போர்டு. அதோடு வரும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. இருக்கிற ராமிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்ளும். ராமோ 2 ஜிபிதான். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தது. அதில் 2 ஜிபி போட்டிருந்தால் அவனுக்கு ஓரளவு போதும். அது எனக்குத் தெரியும். ஆனால் சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டு ஒன்று என் கையில் விலை போகாமல் கிடந்தது. அதைத் தள்ளிவிட நினைத்தேன். நாலு பேர் பார்க்க அதை மாட்டிக் காட்டவும் ஆசை.

அந்தக் கார்டு 116 வாட் வரை இழுக்கும். போர்டின் ஸ்லாட் 75 வாட்தான் தரும். மீதி, கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஆறு பின் வயரில் வரவேண்டும். அவனுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயரே இல்லை. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர். கையில் தூக்கினால் வெற்றுத் தகரடப்பா போல இருந்தது. கடல் காற்றில் அதன் திருகாணிகள் துருவேறி, ஒன்று என் ஸ்குரூடிரைவரிலேயே உதிர்ந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு இழுத்தேன்.

"அண்ணே, கல்யாணத்த முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சிக்கலாமா?" என்று கேட்டான்.

"கார்டு மாத்துறதுக்கும் டிஸ்க்குக்கும் என்னடா சம்பந்தம்?" என்றேன்.

ஆன் செய்தேன். படம் வந்தது. பையன் கைதட்டினான். எடிட்டிங்கை ஓட்டினோம். ஐந்து நிமிடம் இருக்கும், பின்னால் பட்டென்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் வாடை. கழற்றிப் பார்த்தேன். டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் பலகையில் மிளகு அளவு கறுப்புப் புள்ளி.

கேமரா கார்டுகளை அவன் அடுத்த கல்யாணத்துக்காக ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தான்.

பக்கத்து வீட்டு வாசலில் வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் தானாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். "வெல்டிங் போடுறாங்கல்ல, வோல்டேஜ் ஏறி எல்லாம் போயிடுச்சு."

அவனுடைய அம்மா அன்று மாலையே பட்டறைக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினார். நான் தடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. இப்படிப் பலகை மட்டும் கருகினால், உள்ளே தட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதே மாடல் பலகை போட்டு, பழையதிலிருந்த சிப்பை மாற்றிப் படங்களை மீட்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் தொழில் தெரிந்தவர் பார்த்தால் எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்பார், கன்வெர்ட்டரைக் கேட்பார். என் பொய் வெளியே வரும். பயந்தேன். "டிஸ்க் செத்துப்போச்சு, தூக்கிப் போடு" என்றேன்.

பையன் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அந்த வருடமே வீடியோ தொழிலை விட்டான். கல்யாணப் பெண்ணின் அப்பாயி ஐப்பசியில் இறந்துபோனார். அவர் நடமாடிப் பேசுகிற படம் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

போன மாதம் மூன்று வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். கல்யாண வீட்டில் யாரும் பேசவில்லை. பட்டறைக்காரர் வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மறுபடி முகமூடியைப் போட்டுக்கொண்டார். பையனின் அம்மா, "பட்டறக்காரவுங்க வீட்டு சாவுக்குக்கூட நான் போவலியே" என்றார்.

டிஸ்க் இருக்கிறதா என்று பையனிடம் கேட்டேன். தூக்கிப் போடு என்று நான் சொன்ன அன்றே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னான்.