வெள்ளிக்கிழமை பஸ்

ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது லெமிங்ரன், கனடாவின் தக்காளித் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிக் கூடங்கள். உள்ளே தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய். அவற்றைப் பறிக்க மெக்சிக்கோ, ஜமேக்கா, குவாத்தமாலாவிலிருந்து வரும் தொழிலாளர்களில் பலருக்குச் சம்பள நாள் நெருங்கும்போது அரை வயிறுதான்.

வெள்ளி மாலை பண்ணை பஸ் அவர்களைக் கடைவாசலில் இறக்கிவிடும். பஸ் புறப்படுவதற்குள் ஒரு வாரச் சாமானும் வாங்கி, வீட்டுக்குக் காசும் அனுப்பிவிட வேண்டும். முதலில் நிற்பது காசு அனுப்பும் வரிசையில். மிஞ்சியதில்தான் அரிசி, பீன்ஸ், முட்டை, கோழிக்கால். ஒருமுறை என் பக்கத்தில் நின்ற ஜமேக்காக்காரர் குடைமிளகாய்ப் பையை எடுத்து, விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "நாள் முழுக்க இதைத்தான் பறிக்கிறேன்" என்றார்.

அவர் இருக்கும் விடுதியில் பன்னிரண்டு பேருக்கு நாலு அடுப்பு. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு அரைத் தட்டு; ஒரு வாரத்துக் கோழியை எங்கே வைப்பது? இரவு எட்டு மணிக்கு வேலை முடித்து வந்து அடுப்புக்குக் காத்திருக்கத் தெம்பில்லாதவர்கள் பாணைத் தின்றுவிட்டுப் படுக்கிறார்கள். உணவு வங்கி திறந்திருக்கும் பகல் நேரத்தில் அவர்கள் செடிகளுக்கு நடுவே நிற்கிறார்கள்.

இவர்களில் பலரைக் கொண்டுவரும் பருவகாலத் தொழிலாளர் திட்டம் 1966இல் ஜமேக்காவோடு தொடங்கியது. 1974இல் மெக்சிக்கோ சேர்ந்தது. அதிகபட்சம் எட்டு மாதம், டிசம்பர் 15க்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். ஒன்ராறியோச் சட்டத்தில் பண்ணைத் தொழிலாளிக்கு ஓவர்டைம் சம்பளம் இல்லை. இவற்றையெல்லாம் விடக் கொடியது, அனுமதியில்லாமல் வேறு பண்ணைக்கு மாற முடியாது என்பது. அடுப்புக் காணாது என்று வாய் திறந்தால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். ஊரில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அந்தக் கூப்பிடுதலை நம்பித்தான் நடக்கிறது. பசியை வெளியே சொல்லவிடாமல் செய்வது இந்தப் பயம்தான்.

நான் அகதியாக வந்து ரொறன்ரோவில் கோப்பை கழுவியபோது எனக்குக் கிடைத்தது எங்கும் வேலை செய்யக்கூடிய பெர்மிட். ஒரு முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தார். அடுத்த கிழமையே வேறு உணவகத்துக்குப் போய்விட்டேன். அங்கே இரவுச் சாப்பாடும் தந்தார்கள். அகதியாக வந்த எங்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் காலூன்றியது அந்தக் காகிதத்தால். இன்று தேர்தலுக்குத் தேர்தல் அரசியல்வாதிகள் வாக்குக் கேட்டு எங்கள் கோயில் வாசலுக்கு வருகிறார்கள். லெமிங்ரன்காரருக்கும் அதே பெர்மிட்டைக் கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். கேட்டால் காதில் விழும் இடத்தில்தான் இப்போது இருக்கிறோம்.